புள்ளிகளுக்கும் எண் உண்டு

விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தில் ஆறு புள்ளிகள் என்பதை அறிவீர்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. கணிப்பொறிக்கென 7, 8 அடியில் சேர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கும் அல்லது இராது. ஆக, 256 வடிவங்கள். யூனிகோடு என்னும் உலகக் குறிமுறை 1999-இல் இவையனைத்துக்கும் எண் வழங்கியது.

அம்முறை மிக எளிது. புள்ளிகளின் மதிப்பு முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128. புடைத்தவற்றைக் கூட்டி 10240-ஐச் சேருங்கள். (எதுவுமே புடைக்காத வெற்றுக் கட்டத்தின் எண் 10240. வெறுமைக்கும் ஓர் எண்!) நம் 'ழ'கரத்துக்கு 1, 2, 3, 5, 6-ஆம் புள்ளிகள். கூட்டினால் 55, குறியெண் 10295.

அப்படியானால் 10295-ஐக் கண்டதும் கணிப்பொறி 'ழ' என்று அறியுமா? அறியாது! ஆங்கிலச் சுருக்கப் பிரெயிலில் இதே வடிவம் 'ஆஃப்' என்னும் சொல்லைக் குறிக்கும். யூனிகோடு எண்ணிட்டது வடிவத்தைத்தான்; ஒலியை அன்று. தமிழ்ப் பாடநூலொன்றைப் புள்ளிகளாக மட்டும் சேமித்துவிட்டு, மொழி இன்னதென்று குறிக்காமல் விட்டால், படித்துக்காட்டும் மென்பொருள் அதை ஆங்கிலமாகக் கொண்டு உளறக்கூடும். தேர்வுக்கு முந்திய இரவில் பார்வையற்ற மாணவர் என்ன செய்வார்?

ஆகவே பாடத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமித்து, பிரெயில் அச்சுப்பொறிக்கு அனுப்பும்போது மட்டும் புள்ளிகளாக மாற்றுவது நல்லது. அந்த ஒரே கோப்பைச் செவியாலும் படிக்கலாம், விரலாலும் படிக்கலாம்.