மன்னார்குடியில் இருந்து ஆல்பம் டிசைன்: சைடு பிசினஸா, சைடு செலவா?

"வேலைக்குப் போய்க்கிட்டே மாசம் பத்தாயிரம் கூடுதலா சம்பாதிக்க வழி சொல்லுங்க." நம்ம சேனலுக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். இன்னைக்கு நான் சம்பள வேலையோட சேர்த்துச் செய்யற ஒரு தொழிலோட கணக்கை அப்படியே திறந்து வைக்கிறேன். லாபம் மட்டும் இல்ல, நான் கையைச் சுட்டுக்கிட்ட இடங்களும் இதுல இருக்கு.

என்ன தொழில் இது?

போட்டோ, பத்திரிகை, பழைய கடிதம், ரயில் டிக்கெட் எல்லாத்தையும் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறதுக்கு ஸ்கிராப்புக்னு பேர். இதுல காசு இருக்குன்னு ரொம்ப நாள் முன்னாடியே கண்டுபிடிச்சவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்கிற்கு 1873-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்.

அதையே கம்ப்யூட்டரில் செய்தால் டிஜிட்டல் ஸ்கிராப்புக். நம்ம ஊர்ல அந்தப் பேர் சொன்னா யாருக்கும் புரியாது. கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம், அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவோட வாழ்க்கைக் கதைப் புத்தகம்னு சொன்னா உடனே புரியும். மன்னார்குடி, பக்கத்துல கூத்தாநல்லூர் ரெண்டு ஊர்லயும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள்ல பிள்ளைங்க இருக்கிற குடும்பங்கள் நிறைய. "ஊர்ல இருக்கிற பழைய போட்டோவை எல்லாம் ஒரு புத்தகமா பண்ணிக் குடுங்க"ன்னு கேட்கறவங்க அவங்கதான்.

முதல் ஆர்டர், முதல் அடி

என் முதல் கல்யாண ஆல்பத்துக்கு 6,000 ரூபாய் கேட்டேன். 40 பக்கம், அதாவது 20 ஷீட். "லேப்டாப் என்கிட்ட இருக்கு, வேலை ராத்திரியில, செலவே இல்லையே"ன்னு நினைச்சேன். அங்கதான் தப்பு. நோட்டில் எழுதிப் பார்த்தா கதை வேற.

நேரம்:
- 1,500 போட்டோவில் இருந்து நல்லதைப் பொறுக்க: 6 மணி நேரம்
- 20 ஷீட் டிசைன், ஷீட்டுக்கு 45 நிமிஷம்: 15 மணி நேரம்
- திருத்தம்: 5 மணி நேரம்
- போன், வாட்ஸ்அப், நேரில் பேச்சு: 4 மணி நேரம்
- மொத்தம்: 30 மணி நேரம்

நிலையான செலவு (உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க, இது ஒரு உதாரணம்):
- 72,000 ரூபாய் லேப்டாப் மூணு வருஷம் உழைக்கும்னு வச்சா, மாசம் 2,000
- சாஃப்ட்வேர் சந்தா 2,000
- ஹார்ட் டிஸ்க், கிளவுடு 500
- நெட், கரண்ட் 1,000
- மொத்தம் மாசம் 5,500, வருஷம் 66,000

வருஷத்துக்கு 20 ஆல்பம் செய்தால், ஒரு ஆல்பத்தின் தலையில் 3,300 ரூபாய் நிலையான செலவு உட்காருது. 6,000-ல் அதைக் கழிச்சா மிச்சம் 2,700. முப்பது மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 90 ரூபாய்.

இப்போ உங்க சம்பளத்தைப் பாருங்க. மாசம் 30,000, வேலை நேரம் 200 மணின்னா, மணிக்கு 150 ரூபாய். ஆபீஸ்ல 150 வாங்கறவர், வீட்டுக்கு வந்து கண்ணு எரிய 90 ரூபாய்க்கு உழைச்சிருக்கார்!

அந்த 150 ரூபாயாவது கிடைக்கணும்னா ஆல்பத்துக்கு 7,800 வாங்கியாகணும். தூக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக் கொடுக்கறதுக்கும் சேர்த்து 10,500 வாங்கினா, மணிக்கு 240 நிக்கும். வருஷத்துக்கு 20 ஆல்பம், 2,10,000 வரவு, செலவு போக 1,44,000. மாசம் 12,000. வாரத்துக்கு சுமார் 12 மணி நேர உழைப்பு. பிரிண்ட் செலவு இதுல சேராது. அதை கிளையன்ட் முழுசா முன்பணமா தரணும், உங்க கைக்காசு போடவே கூடாது.

இது டெல்டா, வருமானமும் போகம் பார்த்துத்தான் வரும்

ஆடி, புரட்டாசி, மார்கழியில கல்யாணம் அபூர்வம். சம்பா அறுவடை முடிஞ்சு நெல்லு காசான பிறகு, தை தொடங்கி விசேஷங்கள் குவியும். அதனால தை மாசம் நாலு ஆர்டர் வந்ததைப் பார்த்து, "மாசம் நாலு, வருஷம் 48"ன்னு கணக்குப் போட்டு வேலையை விட்டுடாதீங்க. விவசாயி விதைநெல்லைத் தனியா எடுத்து வைக்கிற மாதிரி, ஒவ்வொரு வரவிலும் 30% தனிக் கணக்குக்குப் போகட்டும். சந்தாவும் அடுத்த லேப்டாப்பும் அதுல இருந்துதான்.

மந்தமான மாசங்கள்ல பழைய போட்டோ ஸ்கேன், அறுபதாம் கல்யாணப் புத்தகம் மாதிரி முகூர்த்தத்தை நம்பாத வேலையைப் பிடிங்க.

திருத்தம் எங்கிருந்து வருது?

டிசைன் பிடிக்கலைன்னு வர்ற திருத்தம் கம்மி. "பெரியப்பா போட்டோ சின்னதா இருக்கு", "தாய்மாமன் மாலை போடற படத்தைக் காணோம்", இதுதான் அதிகம்! அதனால வேலை தொடங்கும் முன்னாடியே "கண்டிப்பா இருக்க வேண்டியவங்க" பட்டியலை எழுதி வாங்கிடுங்க. கூடவே இதையும் ஒப்பந்தமா மெசேஜில் போடுங்க:

1. பாதிப் பணம் முன்பணம்.
2. திருத்தம் இரண்டு சுற்று இலவசம், மூணாவதுக்குக் கட்டணம்.
3. பெயர், இன்ஷியல், தேதி சரின்னு கிளையன்ட் ஒப்புதல் தந்த பிறகுதான் பிரிண்ட்.
4. மீதிப் பணம் வந்த பிறகுதான் முழு அளவு ஃபைல்.

தொழில் நுணுக்கம் நாலு. 12க்கு 36 இஞ்ச் ஷீட்டுக்கு 300 டிபிஐ-ல் 3,600க்கு 10,800 பிக்சல் வேணும். வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பின படம் சுருங்கித்தான் வரும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. ஷீட்டின் நடு மடிப்பில் யார் முகமும் வரக் கூடாது. போட்டோஷாப்பில் தமிழ் எழுத்தோட கொம்பு இடம் மாறினா, டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை மாத்துங்க. ஃபான்ட் விஷயத்தில், "சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்"னு இருக்கறதைத் தொடாதீங்க. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கட்டமரன், மீரா இனிமை, முக்த மலர் போன்றவை திறந்த உரிமத்தில் இருக்கு. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

வரி, ஆபீஸ் விதி

முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. வேற வேலை செய்யக் கூடாதுன்னு இருந்தா எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்குங்க. அரசு ஊழியர்னா அனுமதி இல்லாம இறங்கவே வேண்டாம்.

இந்த வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போதாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவுப்படி, தொழில் வரவில் குறைந்தது 8%, வங்கி அல்லது யுபிஐ வழியா வந்த வரவுக்கு 6% லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 தாக்கல் செய்யலாம். டிசைன் வேலை இதுல வருமா, 50% காட்டச் சொல்லும் 44ஏடிஏ-வில் வருமான்னு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதில் பிரிவு எண்கள் வேற. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உத்யம் பதிவு இலவசம், அதுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீங்க.

கடைசியா, ஒரு பெட்டி போட்டோ

2018 நவம்பர் 16 கஜா புயல் நம்ம பகுதியை என்ன பண்ணுச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. கூரை போன வீட்டில் நனைஞ்ச போட்டோப் பெட்டியோட ஒரு அம்மா வந்தாங்க. பாதிப் படங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தது. பிரிக்க முடிஞ்சதை எல்லாம் ஸ்கேன் பண்ணி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அடுத்த வாரம் என் ஹார்ட் டிஸ்க் மேஜையில இருந்து விழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு. வேற காப்பி வச்சிருக்கல.

நேர்ல போய் உண்மையைச் சொன்னேன். வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவங்க பணத்தை வாங்கலை. "பெட்டி என்கிட்டதானே தம்பி இருக்கு, மறுபடி எடுத்துக்க"ன்னாங்க. மூணு நாள் லீவு போட்டு மறுபடி ஸ்கேன் பண்ணேன். அந்தப் பெட்டி திரும்பிப் போகாம என்கிட்டயே இருந்து, எனக்கும் ஏதாவது ஆகியிருந்தா? நினைச்சாலே இன்னும் பக்குனு இருக்கு.

அன்னைக்கிருந்து மூணு காப்பி: லேப்டாப்பில் ஒண்ணு, தனி டிஸ்க்கில் ஒண்ணு, கிளவுடில் ஒண்ணு. மேல சொன்ன மாசம் 500 ரூபாய் இதுக்குத்தான். எந்தச் செலவைக் குறைச்சாலும் இதைக் குறைக்காதீங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்க வீட்டு விசேஷத்துக்கே ஒரு ஆல்பம் செய்யுங்க, ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டில் எழுதுங்க. அந்த எண் கையில் கிடைச்ச பிறகு விலை சொல்லுங்க. வேலையை விடறதைப் பத்தி, ஒரு முழு ஆடியும் ஒரு முழு மார்கழியும் இந்தத் தொழிலோட இருந்து பார்த்த பிறகு யோசிங்க.