குப்பையிற் கிடக்கும் கட்டடப் பொருள்

மட்பாண்டம் உடைந்தால் மண்ணாகும். பனையோலைப் பெட்டி உக்கினால் எருவாகும். இரும்பு துருப்பிடித்துத் தேய்ந்துபோகும். எம் முன்னோர் கையாண்ட பொருள்கள் யாவும் தம் காலம் முடிந்தவுடன் வந்த வழியே திரும்பிச் சென்றன. ஆனால் இக்காலத்து மாந்தர் நாடோறும் கையாளும் பிளாஸ்டிக் என்னும் பொருளோ அவ்வாறு திரும்பிச் செல்வதில்லை. கடையிலிருந்து வீடு வருமளவும் அரைமணி நேரம் பயன்படும் ஒரு பொலித்தீன் பை, அதனைச் சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணிற் கிடக்கும். இவ்வழியாமையைத் தீமையென்றே நாம் பேசி வருகிறோம். அதனையே நன்மையாக்கும் வழியொன்று உண்டு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் வாழும் புல்மோட்டைக்கு இப்பொருளோடு ஓர் உறவு உண்டு. எமது கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் என்னும் கனியங்கள் உள்ளன. 1957 இல் நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனத்தின் காலந்தொட்டு இம்மணல் பிரித்தெடுக்கப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றது. இல்மனைற்றிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி பெறப்படும். சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தருவதும், வெண்ணிறப் பிளாஸ்டிக்குக்கு நிறமூட்டுவதும் அப்பொடியேயாம். எமது மணல்தான் இன்ன பையில் உள்ளதென்று எவரும் காட்ட இயலாது. எனினும், இக்கரையிலிருந்து கருமணலாய்ச் சென்ற பொருளின் இனம் வெண்பையாய் மீண்டுவந்து அதே கரையில் ஒதுங்குகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

ஒதுங்கியதை நாம் என் செய்தோம்? எரித்தோம். இதனை யாம் பிறர்மேற் குற்றமாகச் சொல்லவில்லை. யாம் கற்பித்த பாடசாலையொன்றின் பின்புறத்தில் ஒரு குழி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் கூட்டிச் சேர்த்த உணவுத் தாள்களையும் பைகளையும் அக்குழியிலிட்டு எரிப்பித்தவர்கள் ஆசிரியராகிய யாமே. காற்றுத் திசை மாறிய ஒருநாள் கரும்புகை வகுப்பறையினுட் புகுந்தது. முன்வரிசையில் இருந்த சிறுவன் இருமலால் வாசிப்பை நிறுத்தினான். “ஐயா, இந்தப் புகை எங்கே போகும்?” என்று அவன் வினவினான். இலக்கணத்தில் எவ்வினாவுக்கும் விடை கூறப் பழகிய எமக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. இவ்வாறு திறந்தவெளியில் எரிப்பதை இலங்கை அரசு 2017 ஆம் ஆண்டிலேயே தடை செய்திருந்தது. தடை வந்த பின்னரும் எமது குழி புகைந்துகொண்டேயிருந்தது. அவ்வினா எம்மை வருத்தியமையாலேயே இப்பொருள்பற்றி யாம் படிக்கலானோம்.

நிற்க. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை உருகுதல் வேறு, எரிதல் வேறு. எமது பிழையும் அதன் பரிகாரமும் இவ்வேற்றுமையிலேயே அடங்கியுள்ளன. பைகளாகவும் மூடிகளாகவும் நுரைப்பெட்டிகளாகவும் வரும் பொலியெதிலீன், பொலிபுரொப்பிலீன், பொலிஸ்டைரீன் ஆகியவை ஏறத்தாழ 130 முதல் 170 பாகை செல்சியசு வெப்பத்தில் இளகிப் பசையாகும். ஆறியதும் மீண்டும் இறுகும். ஏறக்குறைய 270 பாகைக்கு மேற் சென்றாலே சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்கும். ஆகவே சூட்டை அளவோடு நிறுத்தினால் அது பசை. அளவு கடந்தால் நஞ்சு. குழியில் நெருப்பிடுபவனிடம் அளவு இல்லை.

இவ்வுண்மையைத் தொழிலாக்கிக் காட்டியவர் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் இரசாயனவியற் பேராசிரியர் இரா. வாசுதேவன் ஆவர். 2002 ஆம் ஆண்டளவில் அவருடைய முறைப்படி தமிழ்நாட்டில் முதல் வீதிகள் போடப்பட்டன. 2006 இல் அக்கல்லூரி அம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. 2013 இல் இந்திய வீதிக் காங்கிரஸ் அதற்கு விதிமுறை வகுத்தது. 2015 இல் பெருநகரங்களை அடுத்த நெடுஞ்சாலைகளுக்கு இம்முறையைக் கைக்கொள்ளுமாறு இந்திய அரசு பணித்தது. பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது 2018 இல் வழங்கப்பட்டது.

முறை எளியது. கழுவி உலர்த்திய பைகளைச் சில மில்லிமீற்றர் அளவுள்ள துண்டுகளாக அரிவர். கருங்கற் சல்லியை 160 முதல் 170 பாகைவரை சூடாக்குவர். சூடேறிய கல்லின்மீது அத்துண்டுகளைத் தூவியதும், அரை நிமிடத்திற்குள் அவை உருகி ஒவ்வொரு கல்லின்மீதும் மெல்லிய தோலாகப் படியும். அதன் பின்னரே உருக்கிய தாரை ஊற்றிக் கலப்பர். தாரின் நிறையில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு பிளாஸ்டிக் போதுமானது. 3.75 மீற்றர் அகலமுள்ள ஒரு கிலோமீற்றர் வீதிக்கு ஏறக்குறைய பத்துத் தொன் தார் வேண்டுமெனின், அதில் ஏறக்குறைய அறுநூறு முதல் எண்ணூறு கிலோகிராமுக்குப் பதிலாக அதேயளவு குப்பை அமையும்.

இதனால் வரும் பயன் யாது? கல் நீரை விரும்பும். தார் நீரை வெறுக்கும். மழைநீர் வீதியின் வெடிப்பினூடாக இறங்கிக் கல்லை அடைந்தால், தார் கல்லைவிட்டுக் கழன்றுபோகும். வீதியிற் பள்ளங்கள் பிறக்கும் வழிகளுள் இது தலையாயது. பிளாஸ்டிக் தோல் கல்லின் நுண்துளைகளை அடைத்து நீரைத் தடுக்கின்றது. தாரோடும் நன்கு ஒட்டிக்கொள்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஐப்பசி முதல் மார்கழிவரை எம் வீதிகளை என்ன பாடுபடுத்துமென்பதைத் திருகோணமலையிலிருந்து வடக்கே வரும் அன்பர் எவருக்கும் யாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வீதியோடு இவ்வித்தை நின்றுவிடவில்லை. அதே பேராசிரியர் சல்லியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தளத்திற்குப் பதிக்கும் கற்களையும் ஆக்கினார். கென்யா நாட்டு நைரோபி நகரிலே நிசாம்பி மாட்டி என்னும் இளம்பெண் பொறியியலாளர், மணலோடு பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தி நடைபாதைக் கற்களை வார்க்கின்றார். அக்கற்களிற் சீமெந்துக்குப் பதிலாக மணலைப் பிணைப்பது உருகிய பிளாஸ்டிக்கே. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் கொலம்பிய நாட்டு நிறுவனமொன்றோடு இணைந்து, ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கற்களால் வகுப்பறைகளையே கட்டுவித்துள்ளது. புகையால் வகுப்பறையை நிறைத்த எமக்கு, அதே குப்பையால் வகுப்பறை எழுந்த செய்தி வெட்கத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே தந்தது.

எனினும் இதன் எல்லைகளையும் சொல்லுதல் கடமை. எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. நீர்க்குழாய்க்குப் பயன்படும் பீ.வீ.சீ. என்பதைச் சூடாக்கினால் நச்சுவாயு எழும். அதனை அறவே விலக்க வேண்டும். குடிநீர்ப் போத்தல் உருகுவதற்கு ஏறக்குறைய 250 பாகை வேண்டுமாதலின், கல்லின்மீது தோலாகப் படியாது; அதனை நூலாக்கும் ஆலைக்கு அனுப்புதலே முறை. பிளாஸ்டிக் கல் தீப்பற்றக் கூடியது. ஆதலால் நடைபாதைக்கு அஃது ஏற்றதாயினும், வீட்டுச் சுவருக்குத் தீக்காப்புப்பற்றிய சோதனை முதலில் வேண்டும். வெயிலிலும் உராய்விலும் தேய்ந்து நுண்துகள்கள் பிரியும் என்பதும் அறிஞர் ஆராயும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வீதியிற் புதைக்க வழியுண்டென்று கருதிக் கண்டபடி பைகளை வாங்குதல், மருந்து உண்டென்று நஞ்சு அருந்துதலை ஒக்கும். முதற்கண் குறைத்தல், பின்னர் மீளப் பயன்படுத்தல், எஞ்சியதையே உருக்குதல். இவ்வரிசை மாறலாகாது.

இம்முறைக்கு அரிய இயந்திரங்கள் பல வேண்டுவதில்லை. வேண்டுவது பிரித்தெடுக்கும் கை. சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் ஒட்டிய பையை எந்தத் தொழிற்சாலையும் ஏற்காது. கழுவுதலும் உலர்த்துதலும் இனம் பிரித்தலும் வீட்டு முற்றத்திலும் பாடசாலை முற்றத்திலுமே தொடங்கவேண்டும். எமது பாடசாலையில் அக்குழியை மண்ணிட்டு மூடினோம். அவ்விடத்தில் மூன்று சாக்குகள் தொங்குகின்றன: பைக்கு ஒன்று, போத்தலுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூன்றாகப் பிரிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு இதுவும் எளிதாகவே கைவந்தது.

ஆனால் சாக்குகள் நிறைந்த பின் அவற்றைப் பெறுவார் வேண்டும். அதனை முன்னிட்டே இச்சிறப்பு மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். எமது கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். வீதி ஒப்பந்தகாரர் உளர். பிரதேச சபைகளிற் பணிபுரிவோரும் உளர். நீவிர் ஓர் ஒழுங்கையைத் தெரிந்தெடுங்கள். நூறு யார் நீளமாயினும் போதும். வல்லாரைக் கலந்து, விதிப்படி சோதித்து, இம்முறையில் அதனைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாரிகள் கழிந்தபின் பக்கத்து ஒழுங்கையோடு அதனை ஒப்பிடுங்கள். வேண்டிய பைகளைக் கழுவி உலர்த்தித் தருவதற்கு எமது மாணவர் ஆயத்தமாயுள்ளனர். அன்று இருமிய சிறுவனின் வினாவுக்கு, காலந்தாழ்த்தியேனும், நாம் அனைவரும் சேர்ந்து விடை கூறுவோமாக.