சூரைக் குழம்புக்கு இத்தாலித் தக்காளி

தருவைகுளத்துப் பருவலைப் படகுகள் கொண்டுவந்து இறக்கும் சூரை மீனுக்கும், சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்தா பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் இத்தாலியத் தக்காளிச் சாஸ் டின்னுக்கும் வேதியியல் பொருத்தம் உண்டு. அந்த டின்னைப் பாஸ்தாவோடு நிறுத்திக்கொள்வது வீண்; மீன் குழம்புச் சட்டிதான் அதற்கு இன்னும் ஏற்ற இடம். சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புச் சாஸை இங்கே சொல்லவில்லை. அதை ஊற்றினால் குழம்பு பாழ். தக்காளியும் உப்பும், மிஞ்சிப்போனால் கொஞ்சம் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த கூழைத்தான் சொல்கிறேன்.

1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அது தரும் தனிச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்ந்த சூரையில் அதே சுவையைத் தரும் இனோசினேட்டைக் கண்டார். அவர் ஆராய்ந்த ஜப்பானியக் கருவாடு, தூத்துக்குடிக் கடைகளில் மரக்கட்டை மாதிரி விற்கும் மாசிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்; இரண்டுமே சூரையை அவித்து, புகைபோட்டு, உலர்த்திச் செய்பவை. குளூட்டமேட்டும் இனோசினேட்டும் ஒன்றுசேர்ந்தால் சுவை பல மடங்கு பெருகும் என்பதைப் பின்னர் அகிரா குனிநாகா காட்டினார். நாக்கிலுள்ள ஏற்பியில் குளூட்டமேட் போய் உட்கார்ந்ததும், இனோசினேட் பக்கத்தில் ஒட்டி, அதை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இனோசினேட் சூரையில் ஏராளம். குளூட்டமேட் பழுத்த தக்காளியில், அதிலும் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில், மிகுதி.

புளி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். புளி தருவது டார்டாரிக் அமிலத்தின் புளிப்பை. குளூட்டமேட் வேலையை அது செய்யாது. ஆகவே புளியைக் கைவிட வேண்டாம், பாதியாகக் குறைத்தால் போதும். சந்தைத் தக்காளி ஆகாதா? நன்றாகப் பழுத்தது கிடைத்தால் டின் தேவையே இல்லை. ஆனால் லாரிப் பயணத்தைத் தாங்குவதற்காகச் செங்காயிலேயே பறித்த பழம்தான் பல நாள் கைக்கு வருகிறது; குளூட்டமேட்டோ பழுக்கப் பழுக்க ஏறுவது. டின்னில் சத்து செத்துவிடும் என்பது பாதி உண்மை. வைட்டமின் சி குறையும். லைக்கோபீன் கதை வேறு: எண்ணெயோடு உண்ணும்போது, சமைக்காத தக்காளியைவிட வெந்து கெட்டியான தக்காளி விழுதிலிருந்தே அதை உடல் கூடுதலாக ஏற்கிறது என்று 1997-இல் ஜெர்மானிய ஆய்வு ஒன்று காட்டியது. டின்னில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதும் கலப்படம் அல்ல. பி.எச். 4.6-க்குக் கீழே போட்டுலினம் கிருமி வளராது; தக்காளி அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்பதால் இந்தக் காப்பு.

வெங்காயமும் மசாலாவும் வதங்கியபின் கூழை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். புளியும் தேங்காயும் அதன்பிறகு, மீன் கடைசியில். உப்பைச் சுவைபார்த்துப் போடுங்கள், டின்னில் ஏற்கெனவே இருக்கும். சூரை ஐஸ் இல்லாமல் கிடந்திருந்தால் வாங்காதீர்கள்: அதில் உருவாகும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் அழியாது, சாஸின் ருசி அதை மறைக்க மட்டுமே செய்யும். மிஞ்சிய கூழைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். டின்னைத் திறந்து காற்று பட்டுவிட்டால், தக்காளியின் அமிலம் உள்ளே பூசிய வெள்ளீயத்தை வேகமாகக் கரைக்கத் தொடங்கும்.