பழைய பேண்டின் டீலக்ஸ் ஆல்பம்: நீங்க கொடுக்கிற காசு யாருக்குப் போகுது?



போன மாசம் ஒரு நண்பர் போன் பண்ணார். ராக் மியூசிக்னா உயிர். ‘பிக் ஸ்டார்’ங்கிற அமெரிக்க பேண்டோட மூணு சிடி பாக்ஸ் செட்டை வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சிருக்கார். “விலை அதிகம்தான். ஆனா பாவம், அந்தக் காலத்துல பெருசா காசே பார்க்காதவங்க. இப்பவாவது அவங்களுக்குப் போகட்டுமே”ன்னார். “போகுதான்னு கணக்குப் போட்டுப் பார்த்துடலாமா?”ன்னு கேட்டேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல கதை

பிக் ஸ்டார், மெம்பிஸ் நகரத்து பேண்ட். 1972-ல் முதல் ஆல்பம் வந்தது. விமர்சகர்கள் பாராட்டினாங்க. ஆனா விநியோகம் சொதப்பியதால் கடைக்கே சரியா போய்ச் சேரலை; 10,000 காப்பிகூட விற்கலை. 1974-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கும் அதே கதிதான். அந்த வருஷமே பதிவு செய்த மூணாவது ஆல்பம் 1978-ல்தான் வெளிவந்தது. அதுக்குள்ள பேண்டே கலைஞ்சு போச்சு.

பிறகு ஆர்.ஈ.எம். மாதிரி பெரிய பேண்டுகள் இவங்களைக் கொண்டாட, மறுவெளியீடுகள் வரிசையா வர ஆரம்பிச்சது. 2009-ல் நாலு சிடி பாக்ஸ். 2016-ல் அந்த மூணாவது ஆல்பத்துக்கு மட்டுமே மூணு சிடி: டெமோ, கச்சா மிக்ஸ் எல்லாம் சேர்த்து 69 டிராக்.

விற்காத ஆல்பத்தை ஏன் திரும்பப் போடறாங்க?

ஸ்டூடியோ செலவு எப்பவோ முடிஞ்சு போன செலவு. இதை சங்க் காஸ்ட்னு சொல்வோம். டேப் அலமாரியில சும்மா கிடக்கு. ஒலியைச் சுத்தம் பண்ணி, ஒரு புத்தகம் சேர்த்து, அழகான பெட்டியில போட்டா புதுச் சரக்கு. சில ஆயிரம் தீவிர ரசிகர்கள் இருந்தாலே போதும். அவங்க சாதாரண சிடியைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குவாங்க.

சட்டக் காரணமும் ஒண்ணு உண்டு. ஐரோப்பாவில், பதிவு செய்து 50 வருஷத்துக்குள் வெளியிடாத ஒலிப்பதிவு பாதுகாப்பை இழந்துடும். வெளியிட்டுட்டா 70 வருஷம் வரை பாதுகாப்பு. அதனால பழைய டெமோவைத் தூசி தட்டறது சொத்தைக் காப்பாத்தற வேலையும்கூட.

இப்ப கணக்கு

இது பிக் ஸ்டாரோட உண்மைக் கணக்கு இல்லை. புரியறதுக்காக நான் போடறது. ஒரு பேண்டுக்குக் கம்பெனி கொடுத்த அட்வான்ஸ், ரெக்கார்டிங் செலவு எல்லாம் சேர்த்து 50,000 டாலர். ராயல்டி 10%.

- அந்தக் காலத்துல 8,000 ரெக்கார்டு × 5 டாலர் = 40,000. பேண்டின் பங்கு 4,000. கையில கொடுக்க மாட்டாங்க, அட்வான்ஸ்ல கழிப்பாங்க. பாக்கி 46,000.
- 40 வருஷம் கழிச்சு 5,000 பாக்ஸ் × 40 டாலர் = 2,00,000. பேண்டின் பங்கு 20,000. அதையும் கழிப்பாங்க. பாக்கி 26,000.

கம்பெனிக்கு மொத்த வசூல் 2,40,000 டாலர். பேண்டுக்கு வந்த செக்? பூஜ்யம். கணக்குல இன்னும் 26,000 பாக்கி வேற!

இதுக்குப் பேர் ரிக்கூப்மென்ட். சூட்சுமம் எங்கே இருக்கு பாருங்க: கடன் கழியறது மொத்த வசூல்லேர்ந்து இல்லை, உங்க 10 சதவீதத்துலேர்ந்து மட்டும்தான். ஒரே ஆறுதல், இந்தப் பாக்கியைப் பொதுவா பேண்ட் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. பாட்டு எழுதினவரோட ராயல்டியும் பெரும்பாலும் தனிக் கணக்கு, அது அவருக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஆனா எழுதாம டிரம்ஸ் மட்டும் வாசிச்சவர்?

இதுல ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கு. 2021-ல் சோனி மியூசிக், 2000-க்கு முன்னாடி ஒப்பந்தம் போட்டு, அதுக்கப்புறம் அட்வான்ஸ் வாங்காத கலைஞர்களுக்குப் பழைய பாக்கியைக் கணக்குல எடுக்காம ராயல்டி கொடுக்கறதா அறிவிச்சது. 2022-ல் வார்னரும் யூனிவர்சலும் அதே வழிக்கு வந்தாங்க. ஆனா பலருக்கு இது தாமதம்தான். பிக் ஸ்டாரின் அசல் நாலு பேர்ல டிரம்மர் ஜோடி ஸ்டீபன்ஸ் மட்டும்தான் இன்னிக்கு உயிரோட இருக்கார்.

அப்ப நாம என்ன செய்யலாம்?

1. பெட்டியின் பின்பக்கம் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து இருக்கும். பக்கத்துல இருக்கற பெயர்தான் ஒலிப்பதிவின் உரிமையாளர். பேண்டோட சொந்தக் கம்பெனியா, வேற யாராவதான்னு பாருங்க.
2. கலைஞருக்கு உதவணும்னா அவங்களே நேரடியா விற்கறதை வாங்குங்க.
3. “பின்னாடி விலை ஏறும்”னு முதலீடா வாங்காதீங்க. இன்னிக்கு ‘முழுமையான’ பதிப்பு வந்தா, நாளைக்கு அதைவிட முழுமையான பதிப்பு வரும்.
4. நீங்களே பாட்டு, புத்தகம், வீடியோன்னு எதுக்காவது ஒப்பந்தம் போடறீங்களா? சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீங்க. எந்தச் செலவெல்லாம் என் பங்குல கழிப்பீங்க, எப்ப வரைக்கும் கழிப்பீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

கணக்கைக் கேட்டு முடிச்ச நண்பர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “சரி, இது தர்மம் இல்லை, என் சந்தோஷத்துக்கான செலவுன்னு எழுதிக்கறேன்”ன்னார். சரியான தலைப்புல எழுதிட்டா எந்தச் செலவும் தப்பில்லைங்க!

ரிக்கூப்மென்ட் கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டற வீடியோ நம்ம சேனல்ல வருது. அடுத்த பதிவுல சந்திப்போம்.