கோப்பைத் திறப்பது யார்?

பைத்தானில் ‘ஓப்பன்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோப்பு திறந்துகொள்கிறது. திறந்தது யார்? புதுச்சேரி வில்லியனூரில் என்னிடம் ட்யூஷன் வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபைல் ஹேண்டிலிங் பாடத்தைத் தொடங்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். “நாம எழுதின புரோகிராம்தான் மிஸ்” என்பார்கள். இல்லை. நிரல் கேட்க மட்டும்தான் செய்கிறது. அதைக் காதில் வாங்குவது இன்டர்பிரட்டர், அதாவது நாம் எழுதியதைப் படித்து நிறைவேற்றும் மென்பொருள். அது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்திடம் கேட்கிறது. டிஸ்க்கைத் தொடும் வேலை அதற்கும் கீழே நடக்கிறது.

நிலத்துக்குச் செட்டில்மெண்ட் காப்பி, அதாவது நிலப் பதிவின் நகல், வாங்கப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜன்னலில் சர்வே எண்ணைச் சொல்கிறோம்; ரெக்கார்டு அறைக்குள் நம்மை யாரும் விடுவதில்லை. முன்பு காகிதப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள், இப்போது ‘நிலமகள்’ கணினிப் பதிவிலிருந்து வருகிறது. உள்ளே எல்லாம் மாறியும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்பது மாறவில்லை. நிரல்மொழியிலும் கோப்பு கேட்கும் வேலையெல்லாம் ஒரே ஜன்னல் வழியாக நடந்தால், பின்னால் இருப்பது டிஸ்க்கா, நினைவகமா, வேறு ஊரிலிருக்கும் கணினியா என்று நிரலுக்குத் தெரியவேண்டியதே இல்லை.

இது எவ்வளவு பெரிய வசதி என்பதை ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே பார்க்கலாம். 2018-ல் மொசில்லாவில் தொடங்கிய பயோடைட், பைத்தானை அப்படியே பிரவுசருக்குள் ஓடவைக்கிறது. பிரவுசர் எந்த வலைப்பக்கத்தையும் தன்னிஷ்டத்துக்கு டிஸ்க்கில் கைவைக்க விடாது. ஆனாலும் அங்கே ‘ஓப்பன்’ வேலை செய்கிறது! பைத்தானுக்கு அடியில், இயங்குதளம் இருக்கவேண்டிய இடத்தில், எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி நினைவகத்திலேயே ஒரு டிஸ்க்கைப் பாவனையாகக் கட்டித் தருகிறது. ‘எந்த ஃபோல்டரில் இருக்கிறாய்’ என்று பைத்தானைக் கேட்டால் ‘ஹோம்’ என்பதற்குள் ‘பயோடைட்’ என்று பதில் வரும். கைபேசி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு ஃபோல்டர் கிடையாது. பக்கத்தை ரீலோடு செய்தால் எழுதிய கோப்பெல்லாம் போய்விடும். நிலைத்து இருக்கவேண்டும் என்றால் பிரவுசரின் சொந்தச் சேமிப்பில் எழுதிவைக்கத் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபின் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் டெக்ஸ்ட், பைனரி, சி.எஸ்.வி. என்று மூன்று வகைக் கோப்புகளும் பாடத்தில் வருகின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாவனை டிஸ்க்கே போதும். பகிர்ந்துகொள்ளும் கணினியைவிட இது நல்லது என்றுகூடச் சொல்வேன். பைத்தானில் ‘டபிள்யூ’ என்ற முறையில் ஒரு கோப்பைத் திறந்தால், ஒரு எழுத்துகூட எழுதுவதற்கு முன்பே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். பகிர்ந்துகொள்ளும் கணினியில் எல்லாரும் தங்கள் கோப்புக்கு ‘மார்க்ஸ்’ என்றே பெயர் வைப்பார்கள். காலையில் வந்தவளின் கணக்கு மதியம் வந்தவனால் போய்விடும்.

கோப்பு வேலையை ஒரே ஜன்னலுக்குப் பின்னால் மறைக்கும் இந்த யோசனை இன்று நேற்றையது அல்ல. 1980-களின் நடுவிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் யூனிக்ஸுக்குள் இப்படி ஒரு அடுக்கை வைத்து, வேறு கணினியில் இருக்கும் கோப்பையும் பக்கத்தில் இருப்பதுபோலக் காட்டியது. 2002-ல் டிக்கிள் மொழியின் 8.4 பதிப்பு அதை இன்டர்பிரட்டருக்குள்ளேயே கொண்டுவந்தது. லுவா மொழியில் கோப்பு நூலகத்தைச் சேர்க்காமலே விட்டுவிடலாம்; பிறகு அந்த நூலகம் வழியாகக் கோப்பைத் திறந்து எழுத நிரலுக்கு வழியே இருக்காது.

தமிழுக்கு வருவோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘கோப்பை_திற’, ‘கோப்பை_படி’, ‘கோப்பை_எழுது’, ‘கோப்பை_மூடு’ என்று கட்டளைகள் உண்டு. எழிலின் இன்டர்பிரட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே ‘கோப்பை_திற’ என்றால் எழில் பைத்தானிடம் கேட்கும், பைத்தான் இயங்குதளத்திடம் கேட்கும். தமிழில் எழுதிய ஒரு சொல் இத்தனை கை மாறி டிஸ்க்குக்குப் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. இதே எழிலை ஒரு இணையதளத்தில் வைத்து ‘யார் வேண்டுமானாலும் எழுதிப் பாருங்கள்’ என்று திறந்துவிட்டால், அந்தக் கட்டளை திறப்பது சர்வரின் கோப்பை. அப்போது அந்த ஜன்னலில் காவல் வேண்டும்.

ஜன்னல் சரியாக மூடாத இடங்களும் உண்டு. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களின் பெயரைப் பட்டியலிட்டு ‘கீழூர்’ என்று ஒரு மாணவி விண்டோஸில் கோப்பில் எழுதினாள். பிழை! தமிழ் எழுத்தே இல்லாத ஒரு பழைய குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாக்கும் முறையை, விண்டோஸ் கொடுத்ததும், பைத்தான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டதும்தான் காரணம். குறியாக்கம் ‘யு.டி.எஃப்-8’ என்று கூடவே சொன்னால் சரியாகிவிடும். அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதை நிரல் எழுதுபவர் நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றால் அந்த மறைப்பு அரைகுறைதான். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து யு.டி.எஃப்-8 இயல்பாகவே இருக்கும் என்று முடிவாகியிருப்பது தமிழில் எழுதுகிறவர்களுக்கு நல்ல செய்தி.

ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: கோப்புப் பாடத்தை முதலில் பிரவுசரில் தொடங்குங்கள், பிள்ளைகள் பயமில்லாமல் அழித்து அழித்து எழுதட்டும். எழிலிலோ வேறு தமிழ் நிரல்மொழியிலோ வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பைத் தொடும் வரிகளை இன்டர்பிரட்டர் முழுக்க இறைத்துவிடாமல் ஒரே இடத்தில் வையுங்கள். அந்த இடத்தை மாற்றிப் பொருத்தவும் வழி விடுங்கள். அதைச் செய்துவிட்டால், தமிழில் எழுதிய நிரலைக் கைபேசியில் ஓட்டும்போதும் கோப்புக்காக யாரும் இன்டர்பிரட்டரைத் திருத்தி எழுதவேண்டியிருக்காது.