மருத்துவ அட்டையை மாற்றுகிறீர்களா? பழையதை உடனே நிறுத்த வேண்டாம்

கார் காப்புறுதியை வேறு நிறுவனத்திற்கு மாற்றினாலும், இழப்பீடு கோராததற்கான 55 விழுக்காடு வரையிலான கழிவு உரிமையாளரோடு கூடவே வரும். மருத்துவ அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. சந்தா ஏறிவிட்டதென்று 20 ஆண்டுகள் கட்டிய அட்டையை நிறுத்திவிட்டு வேறு நிறுவனம் போனால், அங்கே அவர் புது ஆள்தான்.

இடையில் வந்த நீரிழிவு ‘ஏற்கெனவே உள்ள நோய்’ ஆகிவிடும். சந்தா கூடலாம், அந்நோய்க்குக் காப்பு மறுக்கப்படலாம், விண்ணப்பமே தள்ளப்படலாம். மறைத்தாலோ, பின்னர் மருத்துவமனைக் கட்டணம் கோரும்போது சிக்கல்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் பொதுவாக முதல் 30 நாள்களுக்கு விபத்துக்கு மட்டுமே காப்பு. சிறுநீரகக் கல், குடலிறக்கம் போன்றவற்றுக்கு 120 நாள்கள் காத்திருக்க வேண்டும். விலையைச் சொல்லும் வேகத்தில் முகவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

அதுவரை இரண்டு சந்தாவும் கட்டுவது சுமைதான். முடியாதவர்கள், இப்போதுள்ள நிறுவனத்திலேயே மலிவான திட்டத்திற்கு மாற வழியுண்டா என்று முதலில் கேட்கலாம்.