ஈஸ்ட் அடங்கிப்போகும் மாவு

தேனும் வாசனைப் பொருட்களும் சேர்த்துச் சுடப்படும் பழுப்பு நிறத் தட்டை பிஸ்கட்தான் லெப்கூஹன், ஜெர்மானியரின் கிறிஸ்துமஸ் பலகாரம். ஆங்கிலேயரின் ஜிஞ்சர்பிரெட்டுக்கு இது உறவு என்றாலும் இஞ்சிக்கு இதில் முதலிடம் கிடையாது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், கொத்தமல்லி விதை, ஆனிஸ் எல்லாம் கலந்த மணமே இதன் அடையாளம். சாக்சனி மாநிலத்தின் புல்ஸ்னிட்ஸ் ஊர் ரொட்டிக்காரர்கள் 1558-லேயே இதைச் சுடும் உரிமை பெற்றார்கள். ஆனாலும் பேர்போன ஊர் பவேரியாவின் நியூரம்பெர்க்தான். 1996 முதல் நியூரம்பெர்க் லெப்கூஹனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. அந்நகர எல்லைக்குள் செய்ததை மட்டுமே அப்பெயரில் விற்கலாம்.

நியூரம்பெர்க்குக்கு இந்தப் பெருமை வந்ததற்கு இரண்டு காரணங்கள். நகரைச் சூழ்ந்த பேரரசுக் காட்டில் மரப்பொந்துகளில் தேனீ வளர்ப்போர் பெருந்தொகையாக இருந்தார்கள். பேரரசர் நான்காம் கார்ல் 1350-இல் அவர்களுக்குத் தனி உரிமைகளை எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கென்று தனி நீதிமன்றமே இருந்தது. கரும்புச் சர்க்கரை அரிதாக இருந்த அந்தக் காலத்தில் தேன் பக்கத்திலேயே கிடைத்தது பெரிய வசதி. இன்னொரு காரணம் வணிகப் பாதை. மலபார் மிளகும் இலங்கைக் கறுவாப்பட்டையும் மொலுக்கா தீவுகளின் கிராம்பும் வெனிஸ் வந்து, அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வடக்கே போகையில் நியூரம்பெர்க் வணிகர்களின் கைமாறியே போயின. 1395-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே லெப்கூஹன் சுடுபவர் ஒருவர் குறிப்பிடப்படுகிறார். 1643-இல் இத்தொழிலினர் ரொட்டிக்காரர்களிடமிருந்து பிரிந்து தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள்.

தனிச் சங்கம் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த மாவு ரொட்டி மாவைப் போல நடந்துகொள்ளாது. ஜெர்மானிய உணவு விதிகளின்படி பழுப்பு லெப்கூஹனில் 100 கிலோ மாவுக்குக் குறைந்தது 50 கிலோ சர்க்கரை வகைகள் சேர வேண்டும். இவ்வளவு இனிப்புக்கு நடுவே ஈஸ்ட் செயல்பட முடியாது. சவ்வூடு பரவலால் அதன் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட, நுண்ணுயிர் அடங்கிப்போகிறது. பேக்கிங் பவுடரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே லெப்கூஹன் உப்பி வந்ததற்குக் காரணம் இரண்டு உப்புகள்.

முதலாவது பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் கார்பனேட். விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து, வடித்த நீரைச் சட்டியில் சுண்டக் காய்ச்சினால் இது கிடைக்கும். அமிலத்தோடு சேர்ந்தால்தான் இது கரியமில வாயுவை வெளியிடும். தேனிலும் மாவிலும் உள்ள அமிலம் அதற்குப் போதாது. பழைய ரொட்டிக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, இந்தப் பலகாரத்தின் வரலாற்றிலேயே மிக நேர்த்தியானது. தேனைச் சூடாக்கி மாவில் பிசைந்து, மரத் தொட்டியில் இட்டுக் குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் அடங்கிப்போகும் அதே மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மெல்ல மெல்ல வேலை செய்யும். மாவு புளிக்கும். மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சைச் சிறிது சர்க்கரையாக மாற்றும். சுடும் நாளில் கல்லாய் இறுகிக் கிடக்கும் மாவை உடைத்தெடுத்து, வாசனைப் பொருட்களோடு பொட்டாஷையும் கலந்து பிசைவார்கள். சேர்ந்திருக்கும் அமிலமும் பொட்டாஷும் வினைபுரிந்து வாயு கிளம்பும். புல்ஸ்னிட்ஸின் குடும்பப் பட்டறைகளில் மாவை இப்படி மாதக்கணக்கில் கிடத்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இரண்டாவது உப்பு அம்மோனியம் கார்பனேட். முன்பு மான்கொம்பையும் குளம்பையும் காற்றுப்படாமல் சுட்டு வடித்தார்கள். இன்று ஆலையில் செய்கிறார்கள். இதற்கு அமிலம் தேவையில்லை. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என்று முழுவதும் வாயுவாகிவிடும். சிக்கல் ஒன்றே. அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால், தடித்த கேக்கின் ஈரத்தில் தங்கி நெடியடிக்கும். மெல்லிய, தட்டையான பண்டத்தில்தான் அது முழுதாக வெளியேறும். பொட்டாஷ் மாவைப் பக்கவாட்டில் பரப்பும், அம்மோனியம் உப்பு மேல்நோக்கித் தூக்கும். அதனால் இரண்டையும் கலந்து இடுவது வழக்கம். இரண்டுமே காரத்தன்மை கொண்டவை. காரச் சூழலில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் விரைந்து வினைபுரியும். மேயார் வினை எனப்படும் இதுவே லெப்கூஹனின் ஆழ்ந்த பழுப்புக்கும் வறுபட்ட மணத்துக்கும் காரணம்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் பல பழுப்பு லெப்கூஹன்கள் விறைப்பாக இருக்கும். தேனிலுள்ள ஃப்ரக்டோஸ் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு மூடி வைத்தால் சில நாளில் மெத்தென்றாகிவிடும். அந்த ஈரமும் சர்க்கரையோடு பிணைந்தே கிடப்பதால் பூஞ்சைக்கு எளிதில் எட்டாது. பல வாரம் கெடாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

வகைகளில் உயர்ந்தது எலீசன் லெப்கூஹன். இதில் பாதாம், ஹேசல்நட், வால்நட் பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாவே சேர்க்காத பட்டறைகளும் உண்டு. முட்டை வெள்ளையும் பருப்பும் சேர்ந்த இந்தக் கூழ் தட்டில் அப்பிக்கொள்ளும் என்பதால், தேவாலய அப்பத்தைப் போன்ற வெண்மையான மெல்லிய வட்டத் தகட்டின்மேல் அதைக் குவிக்கிறார்கள். கையால் செய்யும் இடங்களில் மணி வடிவக் கருவி ஒன்றில் கூழை நிரப்பித் தகட்டின்மேல் கவிழ்ப்பார்கள். நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக அது உட்காரும். மேற்பரப்பு சற்று உலர்ந்த பிறகே அடுப்புக்குப் போகும்.

ஆகன் நகரில் அச்சில் உருவங்களாகப் பதித்துச் சுட்ட லெப்கூஹன் வகையான பிரிண்டன் வேறு கதை. 1806-இல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராகக் கொண்டுவந்த வணிகத் தடையால் கடல் கடந்து வந்த கரும்புச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் இடத்தில் பீட்ரூட் பாகு வந்தது. பீட்ரூட் கிழங்கில் சர்க்கரை உண்டு என்பதை பெர்லின் வேதியியலாளர் மார்க்கிராஃப் 1747-லேயே காட்டியிருந்தார். பாகு சேர்ந்த மாவு அச்சில் நுணுக்கமாகப் பதியவில்லை. அதனால் உருவப் பிரிண்டன்களின் இடத்தைத் தட்டையான பட்டைகள் பிடித்தன.

அச்சுக்கென்றே பிறந்தது தென் ஜெர்மனியின் ஸ்ப்ரிங்கர்லே. முட்டை, சர்க்கரை, மாவு கலந்த வெண்ணிறப் பிஸ்கட் இது. செதுக்கிய மரஅச்சில் அழுத்தியபின் ஓர் இரவு முழுக்க உலர விட வேண்டும். மேலே ஒரு தோல் படியும், அடியில் ஈரம் இருக்கும். சூட்டில் வாயு விரியும்போது மேல்தோல் அசையாது. அடிப்பகுதி மட்டும் விரிந்து சிறு பாதம்போல எழும்பும். மேலே பதிந்த உருவத்தில் ஒரு கோடும் கலையாது. சரியாக உலர்த்தாவிட்டால் உருவம் வெடித்துவிடும்.

மேயார் வினைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மாவுச்சத்துள்ள பண்டங்களை அதிகச் சூட்டில் சமைத்தால் அக்ரிலமைடு உருவாவதைக் கண்டார்கள். புற்றுநோய் அச்சம் உள்ள பொருள் இது. அம்மோனியம் உப்பு இதை மேலும் கூட்டுகிறது. ஐரோப்பிய விதி லெப்கூஹனுக்கு கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. அம்மோனியம் உப்புக்குப் பதில் சமையல் சோடா சேர்ப்பதும், அக்ரிலமைடுக்கு மூலமான அஸ்பரஜீன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதியைக் கலப்பதும், சூட்டைக் குறைப்பதும் தயாரிப்பாளர்கள் கையாளும் வழிகள்.

இன்னொரு கவலை பட்டையால் வந்தது. மலிவான காஸியா பட்டையில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் கணிசமாக உண்டு. இலங்கைக் கறுவாப்பட்டையில் அது மிகச் சொற்பம். 2006-இல் ஜெர்மனியில் பட்டை சேர்த்த கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளில் கூமரின் கூடுதலாக இருப்பது பெரும் விவாதமானது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம்வரை தாங்கலாம் என்கிறது அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். உடல் எடை குறைந்த குழந்தைகள் இந்த வரம்பை விரைவில் எட்டிவிடுவார்கள். பட்டை சேர்ந்த பாரம்பரியப் பருவகால பிஸ்கட்டுகளுக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பை 2008-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி வகுத்தது.